பொட்டைக்கோழி இறகு

மீன் லாரி ஒழுக்கிய தண்ணீரில் ஸ்கூட்டர் வழுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பது என் வேலை. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் மட்டும் மரக்கட்டையாகவே இருந்தன. பச்சைக் குழந்தையின் நரம்பில் ஊசி ஏற்றும் நிதானம் திரும்புமா என்று கேட்டால் டாக்டர் பிடி கொடுக்காமல் பேசினார். என்னைப் பதிவு கவுண்டரில் உட்கார வைத்தார்கள். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் தம்பி கூரியரில் ஒரு பெட்டி அனுப்பினான். அவனுக்கு ஊட்டிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை; லீவு நாளில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போவான். அந்த மீனுக்கு அவன் புழு போடுவதில்லை. குட்டித் தூண்டில் முள்ளில் பட்டுநூல் சுற்றி, கழுத்தில் மெல்லிய இறகு ஒன்றைக் கட்டினால், தண்ணீருக்குள் நீந்தும் பூச்சி என்று நம்பி வந்து கவ்வுமாம். முள், நூல், முள்ளைப் பிடிக்கும் சின்ன இடுக்கி எல்லாம் பெட்டியில் இருந்தன.

"எக்கா, எனக்குக் கட்டிக் குடு. எறகு அங்கனயே பாத்துக்கோ" என்றான் போனில்.

கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மலை மீனுக்குப் பூச்சி கட்டுவதா என்று திட்டினேன். கடையில் கிடைக்காத பூச்சியா? என் விரல்களுக்காகத்தான் கேட்கிறான் என்று அப்போதே தெரியும். அதனால்தான் உட்கார்ந்தேன்.

நூலை இழுத்தால் அறுந்தது, விட்டால் அவிழ்ந்தது. அழுகையே வந்தது. ஒருவழியாகப் பக்கத்து வீட்டுச் சேவலின் செக்கச்செவேலென்ற இறகில் ஒன்றை முடித்து, டம்ளர் தண்ணீரில் போட்டு வீடியோவில் பெருமையாகக் காட்டினேன்.

"சேவ எறகு வெறச்சிக்கிட்டு நிக்கி பாரு. பொட்டக்கோழி எறகு கட்டுக்கா. அதுதான் தண்ணிக்குள்ள அசையும்" என்றான்.

சேவல் என்றால்தான் நம் ஊரில் மதிப்பு. நானும் அதில் மயங்கியிருந்தேன். மறுநாள் நாட்டுக்கோழிக் கடைக்குப் போனேன். "எல்லாரும் கறி கேப்பாவ, நீங்க எறகு கேக்குதியளே!" என்று சிரித்துக்கொண்டே கடை அண்ணாச்சி மங்கிய பழுப்பு இறகுகளை ஒரு கைப்பிடி தந்தார். அழுத்திப் பிடித்தால் கசங்கிவிடும் இறகு அது. ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் ஆகாது. கட்டக் கட்ட விரல்களுக்குப் பதம் பிடிபட்டது. டம்ளருக்குள் பூச்சி மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கியபோது வீட்டிலிருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மழைக்காலம் முடிந்ததும் பழைய வேலைக்குத் திரும்பினேன். முதலில் வந்தது காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தை. ஊசி ஒரே தடவையில் ஏறியது. "எடுத்தாச்சா?" என்று அதன் அம்மா கேட்டாள். தலையை ஆட்டிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடித்தேன்.

வராந்தாவுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டேன். அன்று அவன் ஓடையில் இருந்தான்.

"கை வந்துட்டுடா. நீ மட்டும் இல்லன்னா..."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏலே, அழுவுதியா?"

"ச்சே, இங்கன குளிருதுக்கா" என்று சாதித்தான்.