பவளக்கா கை படாத பிள்ளை

அன்று பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பக்கத்துக் காம்பரா வீட்டு ராமாயி, பூசாரி பெண்சாதி தங்கம்மா, என் மருமகள் செல்வி, நான். செல்வியின் போனுக்குத்தான் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. பவளக்கா போய்விட்டார். நெஞ்சுவலி. பழைய கட்டியால் இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன், இங்கே சிலருக்கு இன்னும் வாய் அடங்கவில்லை.

அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்து ஆயா அவர். நாங்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை அவரிடம்தான் விட்டுப்போவோம். முதன்முதலாக விடும் அன்று பிள்ளையை மடியில் வாங்கி, சீனித் தண்ணீர் தொட்டு நாக்கில் வைப்பார். அதற்குப் பிறகுதான் தாய் மலைக்கு ஏறுவாள். என் மூத்த மகன் குணசீலனுக்கும் அவர்தான் வைத்தார்.

சில வருசத்துக்கு முன்னால் அவருக்குக் கண் மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. கீழாநெல்லி அரைத்துக் குடித்தார், உப்பில்லாமல் பத்தியம் இருந்தார். அடங்கவில்லை. பதுளையில் ஸ்கேன் எடுத்தால், பித்தக் குழாயில் ஒரு கட்டி. அது அடைத்துக்கொண்டதால்தான் மஞ்சள் ஏறியதாம். வெட்டி எடுத்துச் சோதித்தால்தான் நல்லதா கெட்டதா தெரியும் என்றார்கள். கட்டியோடு அந்தக் குழாய்த் துண்டையும் எடுத்து, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். துணைக்கு நான்தான் இருந்தேன். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் பிள்ளை தமிழில் சொன்னது: "புற்று இல்லம்மா. அந்த எடத்துல இப்படிச் சாதாரணக் கட்டி வர்றதே அபூர்வம். யாருக்கும் ஒட்டாது. ஒடம்பு தேறினதும் வேலைக்குப் போகலாம்."

பவளக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எனக்குன்னு அபூர்வமா ஒன்னு கெடச்சுச்சு காளியம்மா, அதையும் வெட்டி எடுத்துட்டாங்க."

அவர் வேலைக்குத் திரும்பிய அன்றுதான் குணசீலனின் மகளை மடுவத்தில் விடும் நாள். அவன் அப்போது தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். அக்கா சீனித் தண்ணீரோடு காத்திருந்தார். தாய்மார் எல்லாருக்கும் முன்னால் இவன் சொன்னான்: "ஆயா, தள்ளி நில்லுங்க. மஞ்சக்காமாலை பிள்ளைக்கு ஒட்டிக்கும்."

"ஒட்டாதுன்னு டாக்டரே சொன்னாருடா," என்றேன் நான்.

"டாக்டர் அவரு பிள்ளையவா இங்க கொண்டாந்து விடப்போறாரு?"

"விடு காளியம்மா," என்றார் அக்கா. "பல்லு மொளச்சப்ப மொத மொத என் தோளைத்தான் கடிச்சான். இன்னும் அந்தப் பழக்கம் போகல."

தலைவர் சொன்னால் போதாதா. தாய்மாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்காவின் வேலையும் போனது. அன்று சாயங்காலம் பேத்தியை அவர் காம்பராவுக்குத் தூக்கிப்போய், "எடுத்துக்குங்கக்கா" என்று நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்டி. நாளைக்குச் சும்மா காய்ச்சல் வந்தாலும் என்னைத்தான் சொல்லுவாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நாளில் கொஸ்லந்தவில் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார்.

புருசனைப் புதைத்த இடம் என்று எங்கள் தோட்டத்துக்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தோம். மைக்கைப் பிடித்துக் குணசீலன் பேசினான்: "நம்ம எல்லாருக்கும் ரெண்டாவது தாய்." நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இப்போது பள்ளிக்கூடம் போகிற பேத்தி என் சேலையை இழுத்து, "அப்பாயி, இவங்க யாரு?" என்று கேட்டாள்.

போயிட்டு வாங்க அக்கா. பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன தாய்மாரை நான் மன்னித்துவிட்டேன். நான் பெற்ற குணசீலனை மன்னிக்கமாட்டேன்.