பதினேழு மில்லிமீட்டர்

என் வேலை வட்டங்களை அளப்பது. யாராவது கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன். அதற்கு மேல் விளக்கினால் கேட்டவர் கொட்டாவி விடுவார்.

கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊரிலிருந்து அரைமணி நேரத் தொலைவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அதன் பின்பக்க அறைதான் என் லேப். சிறுநீர், சீழ் என்று எது வந்தாலும் அதிலுள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும், எந்த மருந்துக்கு அசைந்து கொடுக்காது என்று சொல்ல வேண்டும். கிருமி வளர்வதற்கான கூழைக் காய்ச்சி வட்டத் தட்டில் ஊற்றி உறைய விடுவேன். அதன் மேல் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் ஒரே சீராகப் பூசி, மருந்தில் ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்து, சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி வெளுப்பாகப் படர்ந்திருக்கும். மருந்து வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருக்கும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அட்டவணையில் பார்த்து, மருந்து கேட்கும், கேட்காது என்று எழுதுவேன்.

கூழின் கனம் தட்டு முழுக்க நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மெலிந்த இடத்தில் மருந்து தூரமாகப் பரவி, வட்டம் உண்மையை விடப் பெரிதாகக் காட்டும். மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது ஒரு கவலையே இல்லை. அங்கே தரை தரையாக இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரி சரிவில் கட்டியது. என் அறையில் பேனா விழுந்தால் ஜன்னல் பக்கம் உருண்டு போகும். அதனால் மருந்து டப்பாவின் அட்டையை நாலாக மடித்து, ஜன்னல் பக்கத்து மேஜைக்கால்களுக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். கூழ் ஊற்றுவதற்கு முன்னால் காலித் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் குனிந்து அட்டையைச் சரி செய்வேன். எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது, நானாகக் கண்டுபிடித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து நான் உண்டானேன். ஆறாம் மாதம் நடக்கும்போது சிறுநீர் போகையில் எரிச்சல். டாக்டர் மேடம் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நானே கொடுத்து, நானே வாங்கி, நானே நம்பர் போட்டேன். கிருமி வளர்ந்திருந்தது. மறுநாள் காலையில் புதிதாகக் கூழ் ஊற்ற வேண்டியிருந்தது.

முந்தின நாள்தான் தரை துடைக்கும் அக்கா அறையை நன்றாகக் கழுவிவிட்டிருந்தார். நான் எதையோ எடுக்கக் குனிந்ததற்கே சத்தம் போட்டவர் அவர். "குனியாத கண்ணு. எது வேணும்னாலும் என்னையக் கூப்புடு" என்பார். அன்று காலையில் அவர் வரவில்லை. நான் தண்ணீர் விட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் விடுவதற்குக் குனிய வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் சாய்ந்தால் குனிய வேண்டும். சாயாது என்று வைத்துக்கொண்டேன். எட்டுத் தட்டுகள் ஊற்றினேன்.

மறுநாள் தட்டை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலான வில்லைகளைச் சுற்றி வட்டமே இல்லை. ஓர் ஊசி மருந்துக்கு மட்டும் நல்ல பெரிய வட்டம். அடுத்து ஒரு மாத்திரைக்கு ஏதோ இருந்தது. அந்த மாத்திரைக்குப் பதினேழு மில்லிமீட்டர் வேண்டும். வட்டம் சரியான வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுத்த மாதிரி இருந்தது. ஸ்கேலை ஒரு வாக்கில் வைத்தால் பதினைந்து, இன்னொரு வாக்கில் வைத்தால் பதினேழு.

இப்படி இருந்தால் மறுபடி போட வேண்டும். வேறு யாருடையதாக இருந்தாலும் மறுபடி போட்டிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஊசி எங்களிடம் இருப்பில்லை. கீழே போய் ஒரு வாரம் படுத்துத்தான் போட வேண்டும் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். மலையிறங்க எழுபது வளைவு. சாதாரண நாளிலேயே பத்தாவது வளைவுக்குள் வாந்தி எடுக்கிறவள் நான். வயிற்றில் பிள்ளையோடு அதில் இறங்க எனக்குப் பயம். பதினேழு என்று எழுதினேன். நோயாளி என்ற இடத்தில் என் பெயர். சோதித்தவர் என்ற இடத்திலும் என் பெயர். மேடம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மாத்திரையை எழுதினார்.

மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் காலையில் எனக்கு நடுக்கம் கண்டது. பல் கிட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் என்னை வண்டியில் உட்கார வைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மழைக்குப் பிறகு எங்கள் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குழிக்குக் குழி காலை ஊன்றி ஊன்றி ஓட்டினார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் கீழே போனோம். எதற்குப் பயந்தேனோ அந்த எழுபது வளைவும் வந்தது. எனக்கு ஒரு வாந்தி கூட வரவில்லை.

மறுநாள் குழந்தை பிறந்தது. பெண். அதற்கு மறுநாள் காலை வரை இருந்தாள்.

நான் அழவில்லை. அழுகையை அடக்கவும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் எனக்காக அழுதாள். அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது, தின்ற மாத்திரை கேட்கவில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். வீட்டுக்காரர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நா மெதுவாத்தான புள்ள ஓட்டுனேன்?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லாததற்கு ஒரு காரணமும் இல்லை. வாயைத் திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். பலாப்பழம் தின்றது, காற்றுப் பட்டது, வேலைக்குப் போனது. என் மாமியார் மட்டும் ஒரே காரணத்தில் நின்றார். "வண்டியில கூட்டீட்டுப் போயிருக்கக் கூடாது சாமி" என்று மகனிடம் ஒரு தடவைதான் சொன்னார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அடுத்த நாள் என் வீட்டுக்காரர் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, தார்ப்பாயால் மூடிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்.

ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினேன். ஃப்ரிட்ஜில் அன்று ஊற்றிய தட்டுகளில் ஐந்து மிச்சம் இருந்தன. காய்ந்துபோயிருக்கும், தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். ஒன்றைச் சும்மா வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். சாய்ந்த கல்லில் ஊற்றிய தோசை மாதிரி ஒரு ஓரம் தடிப்பு, எதிர் ஓரம் மெலிசு. ஐந்தும் அப்படியே. மேஜைக்கு அடியில் பார்த்தேன், அட்டை இல்லை. தரை கழுவிய அன்று ஈரமாகிவிட்டதென்று அக்கா அதை எடுத்து அலமாரி மேல் காய வைத்திருந்தார். அங்கேயே இருந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது.

என் கிருமியைச் சின்னக் குழாயில் சேமித்து வைத்திருந்தேன். அட்டையைச் செருகி, தண்ணீர் விட்டுப் பார்த்து, புதிதாகக் கூழ் ஊற்றி மறுபடி போட்டேன். மறுநாள் வட்டம் வட்டமாக இருந்தது. எந்த வாக்கில் வைத்தாலும் பதினான்கு.

அன்றைக்கே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தட்டுகளில் இன்னும் இரண்டு பேருக்குப் போட்டிருந்தேன். அவர்களையும் கூப்பிட்டுப் பார்த்தோம், இருவருக்கும் சரியாகிவிட்டிருந்தது. மேடம், "தண்ணி விட்டுப் பாக்கறத நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க, தினமும்" என்றார். போடுகிறேன். மேடத்திடம் சொன்னது சுலபமாக இருந்தது, ஒரு ரிப்போர்ட்டைத் திருத்தி வாசிக்கிற மாதிரி. வீட்டில் சொல்ல முடியவில்லை. தினமும் வாய் வரை வந்தது. சாப்பாடு போடுவேன், அவர் சாப்பிடுவார், கை கழுவுவார், நாள் முடிந்துவிடும். பயம் என்று சொல்ல மாட்டேன். பயப்படவும் கொஞ்சம் உயிர் வேண்டும்.

அவர் நடந்தார். குச்சிக்கிழங்கு மூட்டையையும் மிளகு மூட்டையையும் தலையில் வைத்து பஸ் நிற்கும் இடம் வரை சுமந்தார். வண்டியை யாரும் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. தையில் ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவருடைய மனைவிக்கு நெஞ்சு வலி. "ஏனுங்க, வண்டிய எடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே" என்றார் அவர். இவர், "எனக்கும் தெரியாதுங்க" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர்கள் ஒரு மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்து போனார்கள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் அதுவும் என் கணக்கில்தான் என்று எனக்குத் தெரிந்தது. அப்படித் தெரிந்த பிறகும் ஒரு மாதம் சும்மா இருந்தேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டு பார்க்க வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று வீட்டுக்காரரை லேபுக்குக் கூட்டிப் போனேன். அவர் அதுவரை உள்ளே வந்ததில்லை. எதையும் தொட்டுவிடக் கூடாதென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் குனிந்து அட்டையை உருவினேன். காலித் தட்டில் தண்ணீர் விட்டேன். தண்ணீர் ஜன்னல் பக்கம் ஒதுங்கியது. கூழும் இப்படித்தான் ஒதுங்கியது என்றேன். பதிவேட்டைத் திறந்து என் பெயர் இரண்டு இடத்தில் இருப்பதைக் காட்டினேன். ஸ்கேலை எடுத்துப் பதினைந்தையும் பதினேழையும் காட்டினேன். கீழே போகப் பயந்து பெரியதை எழுதினேன் என்றும் சொன்னேன். என் குரல் பாடம் நடத்துகிற மாதிரி இருந்தது.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப வண்டி இல்லையா?"

"வண்டி இல்லீங்க. நீங்க மெதுவாத்தான் ஓட்டுனீங்க."

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

"ஐப்பசியிலயே தெரியுமுங்க."

விரலை மடக்கி எண்ணினார். நாலு விரல். அந்தக் கையை அப்படியே என் முன்னால் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் நடந்து போனார்.

நான் அட்டையைச் செருகினேன். தட்டுகளைப் பார்த்து எழுதினேன். கடைசி பஸ் போய்விட்டது என்று தெரிந்தும் கிளம்பாமல் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெயில் இறங்கும் நேரத்தில் வாசலில் ஒரு வண்டி இருமி இருமி வந்து நின்றது. ஆறு மாதம் கிடந்த எஞ்சின் வேறு எப்படி வரும். சீட்டில் தார்ப்பாயின் தூசி அப்படியே இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏறு" என்றார்.

ஏறினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முதல் குழி வந்தபோது அவர் காலை ஊன்றினார். எனக்கு அழுகை வந்தது, அன்றுதான் முதல் தடவை. அவருக்குக் கேட்டிருக்கும். வண்டியை நிறுத்தவில்லை. வீடு வரைக்கும் மெதுவாகத்தான் ஓட்டினார்.