என்னிடம் தோற்றவர்

டென்னிஸில் என்னிடம் தோற்றவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பகுதியின் சாம்பியன். இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர்கள் என்னைப் பற்றித் தப்பான முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே மீதியை எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் இரண்டாவது கிளாக்கர். தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாருக்குத் தனியாக ஒரு கிளப் இருந்தது. அதில் எங்களுக்கு இடமில்லை. ஆகவே கிளாக்கர், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு, டீமேக்கர், மருந்துக்காரர் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களின் உத்தியோகத்தர்கள் சேர்ந்து எங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொண்டோம். தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு கேரம் பலகை, தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குக் கீழே மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு டென்னிஸ் கோர்ட். அவ்வளவுதான் கிளப்.

கோர்ட்டுக்கு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். பள்ளம் முழுக்கத் தேயிலை. அங்கே விழும் பந்தைக் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையில் போட்டுவைத்து, சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் "இந்தாங்க, ஐயா அடிச்ச பந்து" என்று கொடுப்பார்கள். எந்த ஐயா என்று யாரும் கேட்டதில்லை. அவ்வளவு தூரம் அடிப்பவன் நான் ஒருவன்தான்.

பந்துக்குப் பஞ்சமான காலம் அது. வெளிநாட்டுச் சாமான்களுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. துரைமார் கிளப்பில் அடித்துத் தேய்ந்த பந்துகளைப் பூண்டுலோயாவில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா எங்கிருந்தோ வாங்கி எங்களுக்கு விற்பார்.

"ரெண்டே நாள்தான் ஐயா அடிச்சிருக்காங்க."

"முடியெல்லாம் கொட்டிப் போயிருக்கே நானா?"

"உங்களுக்கும்தான் கொட்டிருக்கு. நீங்க ஆடலயா?"

இதற்கு மேல் பேரம் பேச என்ன இருக்கிறது?

எங்கள் தோட்டத்து டீமேக்கர்தான் அந்தச் சாம்பியன், தேயிலை ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவர். குள்ளமான, கெட்டியான உடம்பு. ஸ்டோரில் இலை வாட்டத்தைக் கையால் தொட்டுப் பார்த்துப் பார்த்து அவருக்கு விரல் நுனியில் ஒரு தனி அறிவு வளர்ந்திருந்தது. மட்டையையும் அப்படித்தான் பிடிப்பார், அழுத்திவிட்டால் வாசனை போய்விடும் என்பதுபோல. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. நாம் எங்கே இல்லையோ அங்கே பந்தைப் போடுவார், பிறகு நாம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மணிக்குப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவரும்போது கோர்ட்டின் எந்த முனை முதலில் மறையும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த முனையில் எதிராளி நிற்பதும் தற்செயல் இல்லை.

எங்கள் வருடாந்தரப் போட்டியில் ஒரு விதி இருந்தது. போன வருஷம் கோப்பை வாங்கியவர் இறுதி ஆட்டம் மட்டும்தான் ஆடுவார். மற்றவர்கள் ஒருவரையொருவர் அடித்துத் தீர்த்து, மிச்சமாகும் ஒருவன் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதுவரை டீமேக்கர் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, தான் போட்ட தேத்தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டு எங்களைக் கவனிப்பார். வெள்ளைக்காரன் தன் ஊரில் இந்த விதியை எப்போதோ கைவிட்டிருந்தான். துரைமார் கிளப்பிலும் கைவிட்டாயிற்று. ஆனால் எங்கள் கிளப்பை ஆரம்பித்த பெரியவர்கள் அவர்களுடைய பழைய விதிகளைப் பார்த்து எழுதியவர்கள். கைவிட்ட செய்தியை எங்களுக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. அதனால் எங்கள் டீமேக்கர் வருஷத்தில் ஒரு நாள் சாம்பியனாக இருந்தால் போதும். மிச்ச நாட்களை விதி பார்த்துக்கொண்டது.

ஆனால் முழங்காலுக்கு விதி தெரியாது. ஸ்டோர் படியில் அவர் பக்கவாட்டாக இறங்க ஆரம்பித்ததை எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேசினோம்.

அந்த வருஷம்தான் டயகமத் தோட்டத்திலிருந்து ஓர் இளைஞர் மாற்றலாகி எங்கள் ஸ்டோருக்குச் சின்ன டீமேக்கராக வந்தார். ஒல்லி, நீளம், மரியாதைக்காரர். வேலையில் டீமேக்கருக்குக் கீழே. கோர்ட்டில் வேறு கதை. அவர் சர்வீஸ் போட்டால் பந்து வந்ததா, போயிற்றா என்று பின்னால் நிற்பவர்களைக் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்வேன்.

போட்டிக்கு முந்திய கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். கிளப் செயலாளரான பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க தம்பி."

"நாங்கல்லாம் மொதல்லருந்து ஆடிக்கிட்டு வரணும். டீமேக்கரையா மட்டும் கடைசி ஆட்டம் ஆடுறாங்க. அது ஏங்க?"

சாமிக்கு மட்டும் ஏன் முதல் மாலை என்று கேட்டதுபோல ஓர் அமைதி.

"அது அப்படித்தான் தம்பி" என்றார் பெரிய கிளாக்கர். "எப்பவும் அப்படித்தான்."

டீமேக்கர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை எடுத்தார். "தம்பி கேக்கறது நாயந்தானே? எடுத்துருங்க அந்த ரூலை. நானும் மொதல்லருந்து ஆடுறேன்."

"ஐயோ, வேணாங்கய்யா. நான் சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்." இளைஞரின் முகம் வெளிறிவிட்டது.

"தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல? இப்ப எடுத்துருங்க."

பெரிய கிளாக்கரின் தொப்பியில் பெயர்களைப் போட்டுச் சீட்டெடுத்தார்கள். முதல் சுற்றில் டீமேக்கருக்கு எதிராக வந்தது என் பெயர். கூட்டம் முழுவதும் நிம்மதியாக மூச்சு விட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் ஆபீசில் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டார். கதவையும் சாத்தச் சொன்னார்.

"இதுதான் அவருக்குக் கடைசி வருஷம். அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இறுதி ஆட்டத்துல அந்தத் தம்பிகிட்ட தோத்து, தன் கையாலயே கோப்பையை எடுத்துக் குடுத்துட்டு மாலையோட எறங்கணும். அதான் மரியாதை. நான் பிரியாவிடை உரைகூட எழுதிட்டேன். அதனால நீங்க அவரை ஓட வைக்காதீங்க. சட்டுன்னு முடிச்சு அடுத்த சுத்துக்கு அனுப்பிருங்க."

"நான் என்னங்க செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும்போல ஆடுங்க."

அன்று சாயங்காலம் டீமேக்கரின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். எங்கள் குவார்ட்டர்ஸுகள் பக்கத்துப் பக்கத்தில். ஊரில் பாதிப் பேருக்கு அவர் அக்கா, எனக்கும்.

"தம்பி, நீங்களா அவரோட ஆடுறீங்க?"

"ஆமாங்கக்கா. பயப்படாதீங்க, நான் ஒண்ணும் செஞ்சிர மாட்டேன்."

"அதுதான் எனக்குப் பயமே. படியில சுவத்தப் புடிச்சுக்கிட்டு எறங்கறாரு. கேட்டா ஈரம் வழுக்குதுங்கறாரு. அந்தச் சின்னப்பய முன்னால போய் நின்னாருன்னா முட்டி ஒடையற வரைக்கும் விட மாட்டாரு. நீங்களே ஜெயிச்சு வீட்டுக்கு அனுப்பிருங்களேன்."

"அக்கா, நான் இதுவரைக்கும் யாரைங்க ஜெயிச்சிருக்கேன்?"

"முயற்சி பண்ணிப் பாருங்க. கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கிறேன்."

என் டென்னிஸ்மீது இருவர் நம்பிக்கை வைத்தது அதுவே முதல் தடவை. நான் தோற்பேன் என்று ஒருவர் நம்பினார். அது அனுபவத்தில் வந்த நம்பிக்கை. ஜெயிப்பேன் என்று இன்னொருவர் நம்பினார். அதைப் பாசம் என்றுதான் சொல்ல வேண்டும். யோசித்தேன். என் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பெரிய கிளாக்கர். ஆகவே தோற்பதென்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம் தொடங்கியது. முதல் பந்தையே பள்ளத்துக்கு அனுப்புவதென்று ஓங்கி அடித்தேன். அது கோட்டின்மேல் விழுந்தது. சரி, கை தவறிவிட்டது என்று அடுத்ததை வலைக்கு அடித்தேன். வலையின் மேல்விளிம்பைத் தொட்டு அந்தப் பக்கம் செத்து விழுந்தது. வலையோரம் கிடந்த அந்தப் பந்துக்கு டீமேக்கர் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டு வைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பல வருஷமாக நான் உள்ளே அடிக்கப் பார்த்து, பந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. இப்போது வெளியே அடிக்கப் பார்க்கிறேன். என் குறி தவறுவதில் எந்த மாற்றமும் இல்லை. தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டியிருக்கிறது, அதுவும் என்னிடம் இல்லை. முதல் செட்டை ஜெயித்துவிட்டேன். கைதட்டலே இல்லை. பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த இரண்டு வருஷத்து லீவும் போயிற்று.

டீமேக்கர் வலைக்கு வந்தார். விரலால் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன பண்ணிக்கிட்டிருக்கீங்க?"

"ஆடுறேங்கய்யா."

"இத்தன வருஷமா உங்க ஆட்டத்தைப் பாக்குறேன். வெளிய அடிக்கப் பாக்குறீங்க, அதான் உள்ள விழுகுது. யாரு சொன்னது?"

அவர் பெரிய கிளாக்கரை ஒரு பார்வை பார்த்தார், பிறகு தன் வீட்டுப் பக்கமும் ஒரு பார்வை. எல்லாம் தெரிந்தவர்.

"ஒழுங்கா ஆடுங்க. இல்லாட்டி நான் இப்பவே போயிர்றேன்."

ஒழுங்காக ஆடினேன். இரண்டாவது செட்டில் பந்துகள் வழக்கம்போலத் தேயிலைக்குள் போயின. அவர் எளிதாக ஜெயித்தார். கூட்டத்துக்கு உயிர் வந்தது. மூன்றாவது செட்டில் பனி ஏறத் தொடங்கியது. அவர் கணக்குப்படியே என் முனை முதலில் மறைந்தது. பந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், எங்கே போகிறது என்றும் தெரியாமல் மட்டையை வீசினேன். குறி வைக்கவே முடியாததால் குறி தவறவும் முடியவில்லை. பாதிப் பந்துகள் உள்ளே விழுந்தன. எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப ஆசை தலைதூக்கியது. பெரிய கிளாக்கரும் வேண்டாம், கோழிக்குழம்பும் வேண்டாம், ஒரே ஒரு தடவை ஜெயித்தால் என்ன?

கடைசிப் பந்து அவருக்கு எட்டும் தூரத்தில்தான் விழுந்தது. பனிக்குள் அவர் மட்டையை நீட்டுவது தெரிந்தது. கால் வரவில்லை. பந்து இரண்டு தடவை எழும்பி நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்பதை நானேதான் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதைவிட அசிங்கமான குரலில் நான் எதையும் சொன்னதில்லை.

கையைக் கொடுத்தார். சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் சின்ன டீமேக்கர் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "நான் அந்த ஐயாவோட ஆடணும்னுதான் மாத்தம் கேட்டு இந்தத் தோட்டத்துக்கே வந்தேன். நீங்க என்னங்கய்யா இப்படிப் பண்ணிட்டீங்க?" அடுத்த ஞாயிறே அவர் என்னை ஒரு கேம்கூட விடாமல் அடித்துத் துவைத்தார். நியாயந்தான். கோப்பையும் அவருக்கே போயிற்று. பெரிய கிளாக்கர் அந்தப் பிரியாவிடை உரையை, எங்கள் துரை சீமைக்குக் கப்பலேறியபோது, முழங்காலைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிட்டு வாசித்தார்.

ஏனென்றால் டீமேக்கர் விடை பெறவே இல்லை. தோற்ற மறுநாள் மாலை வேலிக்கு அந்தப் பக்கம் மட்டையோடு நின்றார்.

"வாங்க, ஒரு செட்டு."

"ஐயா, நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

"அந்தத் தம்பிகிட்ட தோத்திருந்தா நிறுத்தியிருப்பேன். உங்ககிட்ட தோத்துட்டு எப்படிங்க நிறுத்துறது?"

உள்ளே பாத்திரம் ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. சற்றுப் பலமாகவே வைக்கப்பட்டது. அக்கா அன்றிலிருந்து என்னோடு அளவாகத்தான் பேசினார். கோழி பற்றி எந்தப் பேச்சும் இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர் பெயர் கொடுத்தார். எல்லோரையும்போல முதல் சுற்றில் ஆடினார், எல்லோரிடமும் தோற்றார். மாலையில் என்னை மட்டும் விடாமல் ஜெயித்தார். "இது கணக்குல வராது" என்பார். "போட்டியில வரணும்." ஆனால் சீட்டு எங்கள் இருவரையும் மறுபடி சேர்க்கவில்லை.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வலப்பனைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போக இருந்த வருஷம், தொப்பியிலிருந்து சீட்டெடுத்தவர் சின்ன டீமேக்கர். இரண்டு சீட்டுகளை எடுத்தார். எங்கள் இருவர் பெயரையும் வாசித்தார். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சீட்டுகளை அவர் பிரிக்கவே இல்லை. பிரிக்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெரிய கிளாக்கரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஆட்டத்தில் நான் ஜெயிக்க முழுமனதோடு முயன்றேன். இதை யாரும் சந்தேகப்பட வேண்டாம். முயன்றதால்தான் அவ்வளவு பந்துகள் பள்ளத்துக்குப் போயின. கடைசிப் பந்தை அவர் வலையோரம் மெல்ல வைத்தார். நான் ஓடினேன். எட்டவில்லை.

அவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "இப்ப போதுங்க" என்றார், பொதுவாக எல்லோரையும் பார்த்து. பிறகு சின்ன டீமேக்கரைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, அடுத்த சுத்துல நீங்கதானே? நான் வரல. ஆனா வாங்க, இப்ப ஒரு செட்டு ஆடலாம். யாரும் எண்ணாதீங்க."

ஆடினார்கள். இளைஞர் தன் சர்வீஸை ஒரு துளிகூடக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் பெரியவர் மட்டையை வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பனி வந்து இருவரையும் மூடும்வரை பந்துச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் எண்ணவில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறோம்.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு வேலி வழியாக ஒரு பாத்திரம் வந்தது. மூடியைத் திறந்தேன். கோழிக்குழம்பு. தோற்றதற்காக எனக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான்.