உயிரோடுதான் உள்ளே விடுவார்கள்

என் மாமனார் சாகக் கிடந்தபோது நான் பட்ட பாடு என்னைப் படைத்தவனுக்குத்தான் தெரியும். அவர் இங்கே கடல் கடந்து எங்களோடு இருந்தாலும், ஹொங்கொங்கில் மதில் சூழ்ந்த ஒரு பழைய சீனக் கிராமத்துக்காரர். ஊர் முழுக்க ஒரே வம்சம், உள்ளே போக ஒரே வாசல். வெளியில் செத்தவரின் உடலை அந்த வாசலுக்குள் எடுக்கமாட்டார்கள். எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரானாலும் மதிலுக்கு வெளியே பந்தல் போட்டுக் காரியத்தை முடித்துவிடுவார்கள்.

“பிள்ளை, மூச்சிருக்கேக்கையே என்னைக் கொண்டுபோய் உள்ளுக்கு விடு.” வேறு எதையும் அவர் கேட்கவில்லை. பாதி கன்டனீஸிலும் பாதி ஆங்கிலத்திலும் அவர் பேசுவதை யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்டு என் காது பழகிவிட்டது.

விமானத்தில் ஏற்றினால் பாதி வழியிலேயே முடிந்துவிடும் என்றார் டொக்டர். ஒட்சிசனோடு கொண்டுபோகிறோம், நேர்ஸையும் கூட்டிப்போகிறோம் என்று ஆஸ்பத்திரி நடையில் நின்று மன்றாடினேன். மனிதர் மசியவில்லை. என் கணவரோ அவித்த கிழங்கு மாதிரி இருந்தார்.

“இஞ்சேருங்கோ, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்கோவன்! உங்கட அப்பாதானே?” என்று கத்தினேன். பாவம், அவர் அழுதுவிட்டார். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசியில், மாமாவின் அறை மூலையில் நின்று, ஊரில் மூத்தவரான அவருடைய அண்ணனுக்கு என் கணவரை வீடியோ கோல் எடுக்க வைத்தேன். அவர் சொன்னால் ஊரே கேட்கும். நான் சொல்லச் சொல்ல அவர் கன்டனீஸில் சொன்னார்.

“உள்ளுக்கு எடுக்கிறம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. பொய்யெண்டாலும் பரவாயில்லை. இந்த மனுசன் நிம்மதியாக் கண்ணை மூடட்டும்!”

பெரியவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

“எங்கட அம்மா டவுன் ஆஸ்பத்திரியிலதான் செத்தவ. உள்ளுக்கு எடுப்பம் எண்டு நான் நிண்டன். முறை முறைதான் எண்டு வாசல்ல குறுக்க நிண்டது இவன்தான். இப்ப இவனை உள்ளுக்கு எடுத்தால் அம்மாவுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?”

என் கணவர் அதை என்னிடம் சொல்லி முடிக்கவே கஷ்டப்பட்டார். வாசலில் மறித்தது இந்தச் சாதுவான மாமாவா? கட்டிலில் கிடந்தவருக்கு எல்லாம் கேட்டுவிட்டது. கண்ணீர் காதோரம் வழிந்தது. ஒட்சிசன் மாஸ்க்கை விலக்கச் சொல்லிக் கை காட்டினார்.

“அண்ணை சொல்லுறது சரி. அம்மாவைக் கிடத்தின இடத்திலயே என்னையும் கிடத்துங்கோ.”

போனில் பெரியவர் வாய்விட்டு அழுதார். “மூச்சைப் பிடிச்சுக்கொண்டு எப்படியாவது வந்திடு தம்பி,” என்றார். ஐயோ, அதுதானே ஏலாமல் கிடந்தது.

மாமா அன்று பின்னேரமே போய்விட்டார். ஊருக்குக் கொண்டுபோய், பெட்டியை மதிலுக்கு வெளியே, அவர் கேட்ட இடத்திலேயே வைத்தோம். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு வாசலைத் தாண்டி வந்து, பெட்டியின் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். இருட்டுகிறது, உள்ளே வாருங்கள் என்று ஊரே கூப்பிட்டது. அவர் எழும்பவில்லை.