டாக்டரம்மா அளத்துக்கு வந்த நாள்

உப்பளத்தில் வேலைபார்க்கும் அளத்து அக்கா அன்று காலை எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றபோது வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தார். ஏதோ அடிபட்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். உள்ளே அழைத்து உட்காரவைத்துக் கேட்டதும் கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். விரல் கணுக்களிலும் நகங்களைச் சுற்றியும் நிறம் போயிருந்தது. வெயிலில் கறுத்த கையில் சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளைத் திட்டுகள். "நீங்க தந்த மருந்தத்தான் தடவுனேன். வேற எதையும் தொடல," என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "கல்யாணத்துக்கு நிக்குத பிள்ள வீட்டுல இருக்கு."

தூத்துக்குடியிலிருந்து பக்கத்துப் புதுக்கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில் நடந்துகொண்டிருந்தது அந்தக் கம்பெனி. நான் அங்கே ஆய்வகப் பொறுப்பாளர். கடல்பாசியிலிருந்து கூழ் எடுத்துத் தோலுக்கான மருந்துகள் செய்வது எங்கள் வேலை. முதலில் செய்தது உப்பளத்துப் பெண்களுக்கான களிம்பு. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கும் கால்கள் பாளம் பாளமாக வெடித்துவிடும், கைகளும் அப்படித்தான். அந்த வெடிப்பை மூட ஒரு களிம்பு கிடைத்துவிட்டால் போதும் என்று எங்கள் எம்.டி. நம்பினார். அப்பாவின் கருப்பட்டிக் கடையை விற்றுத் தொடங்கிய கம்பெனி அது. அவர் கெட்டவர் இல்லை. அதை இப்போதும் சொல்வேன்.

கம்பெனிக்கு மூன்று அறிவியல் ஆலோசகர்கள். சென்னையிலிருந்து வரும் வேதியியல் பேராசிரியர் ஒருவர். பெரிய அழகுசாதன நிறுவனம் ஒன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர் இன்னொருவர், அவர் பெரும்பாலும் பேசமாட்டார். மூன்றாமவர் டாக்டரம்மா. அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவர், தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர்க்காரர். ஆலோசனைக் கூட்டம் என்றால் எம்.டி. மேஜை நிறைய மக்ரூனும் முந்திரியும் வைப்பார். பேராசிரியர் ஊருக்கும் ஒரு பெட்டி வாங்கிப்போவார். டாக்டரம்மா ஒன்றையும் தொடமாட்டார். சோதனைக்காகக் களிம்பைத் தடவிப் பார்க்கிற பெண்களைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருப்பார். யார், எந்த அளம், வீட்டுக்குப் போய்க் கால் கழுவ நல்ல தண்ணீர் உண்டா? கூட்டம் நீள்வது அவரால்தான் என்று மற்றவர்களுக்குச் சலிப்பு உண்டு.

அளத்து அக்கா என்று நாங்கள் அழைத்தவர் அந்தப் பெண்களில் மூத்தவர். அவர் சொன்னால்தான் மற்றவர்கள் காலை நீட்டுவார்கள். களிம்பு வேலை செய்தது. வெடிப்புகள் மூடின. ஒரு பெண் செருப்பில்லாமல் என் முன்னால் நடந்து காட்டிச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் களிம்பு டப்பாவுக்குள்ளேயே பிரிந்து நாற்றமடித்தது. அது கெடாமலிருக்க ஒரு ரசாயனத்தைச் சேர்க்கலாம் என்றார் பேராசிரியர். டாக்டரம்மா அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை வாங்கிப்போய்ப் படித்தார். அளவைக் குறைக்கச் சொன்னார். பிறகு மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் புதிய களிம்பைத் தடவித்தான் அக்காவின் கை வெளுத்தது.

நான் சொல்லியனுப்பியதும் வந்த டாக்டரம்மா அக்காவின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். கையுறை போடாமல், தன் விரலால் அந்தத் திட்டுகளின் ஓரத்தை மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனார். "உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார். "கிடையாது," என்றார் அக்கா. அன்றிலிருந்து டாக்டரம்மா அதே களிம்பைத் தன் முன்கையில் காலையும் மாலையும் தடவத் தொடங்கினார். நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. வாரங்கள் போயின. அவர் கையில் ஒன்றுமே ஆகவில்லை. அதற்குள் வேறு சில பெண்களுக்கும் திட்டுகள் வந்துவிட்டன.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் அந்தக் கையையே சாட்சியாக எடுத்துக்கொண்டார். "டாக்டர், உங்க கையப் பாருங்க. எதுவுமே இல்லையே. இது தானா வர்ற வெண்புள்ளி. ஊர்ல எத்தனையோ பேருக்கு வருது."

"என் கை அளத்துல நிக்கல சார்," என்றார் டாக்டரம்மா. "நாம படிச்ச கட்டுரையெல்லாம் நல்ல தோல்ல தடவிப் பாத்தது. நாம தடவச் சொன்னது வெடிச்ச தோல்ல. உள்ள எவ்வளவு இறங்கும்னு நாம யாருமே யோசிக்கல. நானும் யோசிக்கல. தோல் டாக்டர்னு என்னைத்தான இங்க உக்கார வச்சிருக்கீங்க?"

எம்.டி. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலீடு செய்கிறவர்கள் வரவிருந்த சமயம் அது. "மேடம், நிறுத்திடுவோம். சோதனை முடியலைன்னு சொல்லி டப்பாக்களைத் திரும்ப வாங்கிக்குவோம். காரணம் மட்டும் இப்ப வெளிய வேண்டாம். உறுதியாத் தெரிஞ்சபிறகு சொல்லலாம். கம்பெனி விஷயத்த வெளிய சொல்லமாட்டோம்னு ஒப்பந்தத்துல நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார்.

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணுங்க என்ன நினைச்சுக்கிட்டு இருப்பாங்க? நமக்கு வியாதி வந்துட்டுன்னா?" என்று கேட்டுவிட்டு டாக்டரம்மா எழுந்தார். மற்றவர்களோடு நானும் உட்கார்ந்தே இருந்தேன். ஆனால் அவர் ஆட்டோ தேடுவதைப் பார்த்ததும் என் வண்டியிலேயே அவரை அழைத்துப்போனேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். உப்புக் குவியல்களின் வெண்மையில் கண் கூசியது. கொட்டகை நிழலில் பெண்கள் தூக்குவாளிகளைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு நாற்காலி இல்லை என்று யாரோ எழுந்தார்கள். அவர் வேண்டாமென்று நின்றபடியே பேசினார்.

"நாங்க மூணு பேர் பாத்துச் சரின்னு சொன்ன மருந்து இது. அதுல சேத்த ஒரு சாமான்தான் இப்படிப் பண்ணுதுன்னு நான் நினைக்கேன். இன்னும் சோதனை பண்ணித்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா இது உங்க ரத்தத்துல வந்த வியாதி இல்ல. பிள்ளைங்களுக்கு ஒட்டாது. இருக்குத டப்பாவ எல்லாம் எங்கிட்ட தந்துருங்க."

இளம்பெண் ஒருத்தி, தூக்குவாளியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப எங்க கால வச்சுப் படிச்சிருக்கிய," என்றாள்.

டாக்டரம்மா, "ஆமா," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவர் ஏதாவது விளக்கம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பைகளிலிருந்து டப்பாக்களை எடுத்து வைத்தார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் தன்னுடையதை மடியில் இறுக்கிக்கொண்டார். "வெள்ளையாவணும்னா ஆவட்டும். இது இல்லாம இந்தக் காலோட என்னால பாத்தியில இறங்க முடியாது. தர மாட்டேன்," என்றார். டாக்டரம்மா அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து கெஞ்சினார். தோல் மருத்துவத்தில் அத்தனை வருடம் இருந்தவர், ஒரு டப்பாவுக்காக அப்படிக் கெஞ்சியதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் அளத்து அக்காதான் அதை அந்த அம்மாவின் மடியிலிருந்து பிடுங்கி எங்களிடம் தந்தார். தந்துவிட்டு டாக்டரம்மாவைப் பார்த்து, "போங்க," என்றார்.

அதன்பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. முதலீட்டாளர்கள் வரவில்லை. சோப்புக் கம்பெனி ஒன்று கிட்டங்கியையும் இயந்திரங்களையும் வாங்கிக்கொண்டது. எம்.டி. ஊரைவிட்டுப் போனார், போகுமுன் அந்தப் பெண்களின் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். பேராசிரியர் வேறு கம்பெனிகளுக்கு ஆலோசகராகத் தொடர்கிறார். டாக்டரம்மாவை அதன்பின் எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. அவரிடம் போனால் தோல் வெளுத்துவிடும் என்று ஊருக்குள் ஒரு கதையும் கிளம்பியது. ஓய்வுக்குப்பின் அவர் நடத்திவந்த கிளினிக்கில் கூட்டம் குறைந்தது. பல பெண்களுக்கு மெல்ல நிறம் திரும்பியது. அக்காவுக்குத் திரும்பவில்லை. திட்டுகள் மணிக்கட்டைத் தாண்டி ஏறின. வாரந்தோறும் அவர் டாக்டரம்மாவிடம் வருவார், ஒளிச்சிகிச்சைக்குக் கையை நீட்டுவார், பேசாமல் போவார்.

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நடக்கத்தான் செய்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு டாக்டரம்மாவே போய், இது பரம்பரையாக வருவதில்லை, எங்கள் மருந்தால் வந்தது என்று சொல்லிவிட்டு வந்தார். மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி. ஆனா மணவடையில பொண்ணோட அம்மா நிக்க வேண்டாம். பாக்கவுங்க வாய மூட முடியாதுல்லா," என்றாராம். முகூர்த்த நேரத்தில் அக்காவின் தங்கைதான் தாயின் இடத்தில் நின்றாள். நான் அக்காவைத் தேடிப்போனபோது மண்டபத்தின் பின்னால், காய்கறிக் கூடைகள் அடுக்கிய அறையில் இருந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தார். பக்கத்தில் டாக்டரம்மா. கெட்டிமேளம் கேட்டபோது இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. "நீங்க போயி பாருங்களேன்," என்றார் அக்கா. "நான் இங்கனயே இருக்கேன்," என்றார் டாக்டரம்மா. எனக்கு வாசலிலேயே நிற்பதா உள்ளே போவதா என்று தெரியவில்லை.

இப்போது நான் மீன் ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் இருக்கிறேன். டாக்டரம்மாவுக்கு வயதாகிவிட்டது. கிளினிக்கை மூடிவிட்டார், ஆனால் அக்காவை மட்டும் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார். சமயம் கிடைக்கும்போது நான் வண்டியில் கூட்டிப்போவேன். சென்ற கோடையில் அப்படிப் போயிருந்தபோது அக்கா கையைக் காட்டவில்லை. காலை நீட்டினார். குதிகால் இரண்டும் பிளந்து, உள்ளே சிவப்பு தெரிந்தது.

"நிறத்த விடுங்க. அது இனி வந்தா என்ன, வராட்டா என்ன? இந்தக் காலுக்கு அந்த மருந்தப் பண்ணித் தாங்க. அந்தச் சாமான் போடாம."

"பண்ணலாம்," என்றார் டாக்டரம்மா. "ஆனா யாராவது முதல்ல தடவிப் பாக்கணும்லா?"

"நான் இருக்கேன்லா."

காலுக்குத் தடவ வழக்கமான எண்ணெயைத் தந்துவிட்டுக் கிளம்பினோம். அளங்களுக்கு நடுவே போகும் சாலையில் அவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். தூரத்தில் பெண்கள் பாத்திகளில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"அவ நம்மள நம்பித்தான் சொல்லுதான்னு நினைக்கியா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் தோணுது டாக்டரம்மா."

"இல்ல," என்றார். "வலி தாங்கல. அதான் சொல்லுதா."

கூழ் எடுக்கும் முறை எனக்குத் தெரியும். எங்கள் ஆய்வகத்தில் இடமும் தருவார்கள். டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே தொடங்கலாம். அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுபடியும் கோடை வந்துவிட்டது.