கடிபட்ட இருபது காசு

என் நாத்தனார் அந்த இருபது காசை உள்ளங்கையில் வைத்து நீட்டியபோது நான் மகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். செம்பருத்திப் பூ போட்ட சாதாரணக் காசுதான். ஆனால் அதன் விளிம்பில், பிஸ்கட்டை யாரோ ஒரு வாய் கடித்து வைத்ததுபோல, பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. குழந்தை அதைப் பிடுங்கக் கை நீட்டியது. "வாயில போட்டுக்குவா, அந்தப் பக்கம் எடு" என்றேன். நாத்தனாரின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எவ்வளவு சந்தோஷமாக ஓடி வந்திருப்பாள் என்பதை இப்போது நானாக நினைத்துக்கொள்கிறேன். அன்றைய நாளில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது கஞ்சியின் சூடு மட்டும்தான்.

ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டை விட்டு மலாக்கா டவுனை ஒட்டிய பத்து பெரண்டாமுக்குக் குடி வந்தபோது என் கணவர் தன் தங்கையையும் அழைத்து வந்திருந்தார். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். மின்னணுச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, கீறலோ கோணலோ தெரிந்தால் அந்தச் சில்லை ஒதுக்கிவிட வேண்டும். வீட்டுக்கு வந்தும் அந்தக் கண்ணுக்கு ஓய்வில்லை. பஸ்ஸிலும் பாசார்க் கடைகளிலும் கிடைத்த சில்லறையைத் துணியில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்புவாள். காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கப் படமும் நேராக நிற்க வேண்டும்; சாய்ந்து நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். எழுத்து இரட்டையாக விழுந்தது, படம் ஒரு பக்கமாக ஒதுங்கியது என்று தேறியவற்றைப் பிலிம் சுருள் டப்பாவில் போட்டு வைப்பாள். நூறு காசு பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது.

"கம்பெனியில தப்பு இருந்தா தூக்கிப் போடணும் அண்ணி. இங்க தப்பு இருந்தா எடுத்து வைக்கணும்லா" என்பாள். நசுங்கிய காசு ஒன்றை ஒருமுறை நானே ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இது லோரி ஏறினது. வெளிய வந்தப்புறம் பட்ட அடிக்கு மதிப்பு இல்ல. உள்ளயே ஆகியிருக்கணும்."

என் கணவருக்கு இதெல்லாம் கேலி. "ஊர்ல எல்லாரும் நல்ல காசு சேக்கிறாங்க. நம்ம வீட்டுல மட்டும் நொண்டிக் காசு."

"உன் மூஞ்சிக்கு அது தேவலாம் போ" என்று அவளும் விடமாட்டாள். ஆனால் அவர் வெளியே போனதும் ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "ஒரு தடவயாவது நான் சொன்னது சரின்னு யாராச்சும் தெரிஞ்சவங்க சொல்லணும் அண்ணி. அது போதும்."

கடிபட்ட காசு கிடைத்த வாரம், உடன் வேலை செய்த சீனப் பெண்ணிடமிருந்து நாணயம் பற்றிய பழைய ஆங்கில இதழ் ஒன்றை வாங்கி வந்தாள். நான் ஐந்தாம் படிவம் வரை முடித்தவள் என்பதால் படித்துச் சொல்லும் வேலை எனக்கு. குழந்தையை மடியில் தட்டிக்கொண்டே சொன்னேன். தகட்டிலிருந்து வட்டம் வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கத்தி பட்டால் இப்படிப் பிறையாகக் குறையும். பிறகு ஓரத்தை அழுத்தி எழுப்பும்போது, குறை உள்ள இடத்தில் அழுத்தம் கிடைக்காததால் அதற்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பும் சரியாக எழும்பாது. மழுங்கி மங்கலாக இருக்கும். யாரோ அரத்தால் ராவிய காசென்றால் எதிர்ப்பக்கம் மற்ற இடங்களைப் போலவே இருக்கும். உண்மையானதற்கு நல்ல விலை உண்டு, ராவியதற்கு இருபது காசுதான். வாசித்தேனே தவிர, அது என் மனதில் ஏறவில்லை. குழந்தையின் மூச்சு கரகரவென்று கேட்கிறதே, சளியோ என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் காசை விளக்கடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் குழந்தையுமாக மலாக்கா டவுனுக்குப் போனோம். அங்கே ஒரு நானா, தமிழ் முஸ்லிம் கடைக்காரர், தன் சாமான் கடையின் ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்துப் பழைய காசுகள் விற்பார். அவர் காசை வாங்கி, கடிபட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"யாரோ அரம் போட்டு ராவியிருக்கான் புள்ள. வேலை இல்லாதவன்."

"எதிர்ப்பக்க ஓரத்தப் பாருங்க நானா."

"முப்பது வருஷமா பாக்கிறேன். இத எடுத்துட்டுப் போய் மிட்டாய் வாங்கிக்க, போ."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் படித்தது நான்தான். நான் சொன்னால் அவர் ஒருவேளை கேட்டிருப்பார். வெயிலில் குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. "விடு, அவருக்குத் தெரியாததா, வா போகலாம்" என்றேன். பஸ்ஸில் அவள் காசின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "கோலாலம்பூர்ல பெரிய கடை இருக்காம் அண்ணி. நீங்க வந்து இங்கிலீஷ்ல சொல்றீங்களா?" என்று கேட்டாள். சரி என்றேன். அந்த மாதம் குழந்தைக்குச் சளி. அடுத்த மாதம் தடுப்பூசி, பிறகு பல் முளைக்கிற நேரம். எல்லாமே உண்மையான காரணங்கள்தான். அதனால்தான் என்னையே திட்டிக்கொள்ளவும் முடியவில்லை, மன்னித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அதற்குள் நாத்தனாருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் முதலில் நினைத்தோம். குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்று பயந்து சோற்றையும் ரசத்தையும் அவள் அறை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் போய்விட்டாள்.

உடலைக் கிடத்தியதும், எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த பெரியம்மா நெற்றியில் வைக்க ஒரு காசு கேட்டார். என் பையில் நோட்டுகள்தான் இருந்தன. அவள் அறைக்குப் போய்ப் பிலிம் டப்பாவைக் கவிழ்த்தேன். முதலில் வந்து விழுந்தது அந்தக் காசுதான். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பினேன். கடிபட்ட இடத்துக்கு நேர் எதிரே விளிம்பு தாழ்ந்து, மழுங்கி, பூவின் ஓரத்தோடு ஒன்றாகக் கரைந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கிற, நேரமாகுதுலா" என்று பின்னால் வந்த பெரியம்மா அதை என் விரலிலிருந்து எடுத்துக்கொண்டு போனார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. சந்தனத்தைத் தொட்டு அவள் நெற்றியில் ஒட்டினார்.

எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நான் தலைமாட்டில் உட்கார்ந்து அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு காசு மாற்றி வைக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. இந்த நேரத்தில் இருபது காசுக்காக என்று நினைப்பார்களே என்ற பயம். கடைசியில் பக்கத்து வீட்டு அத்தையே அதைக் கவனித்துவிட்டார்.

"ஐயோ, ஒடஞ்ச காசா வச்சிருக்கீங்க? கல்யாணமாகாத புள்ள. நல்லதா ஒண்ணு வைங்க."

அவர் கை நெற்றிக்குப் போனது. விட்டிருந்தால் காசு என் கைக்கு வந்திருக்கும். கோலாலம்பூருக்குக் கொண்டுபோயிருக்கலாம், அவள் பெயரைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். ஆனால் நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அது ஒடையல அத்தை. அச்சுக்குப் போறதுக்கு முன்னாலயே அப்படித்தான். அவ கண்டுபிடிச்சது. இருக்கட்டும்."

துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். காசு அவளோடு போனது. நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் கணவரிடம் சொன்னேன். "உனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கிச்சா?" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. போன வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த நானா கடைக்குப் போனேன். அவருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தார்.

"எதிர்ப்பக்கம் மழுங்கி இருந்துச்சா? நல்லாப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் நானா."

"அப்ப அது நெசமான காசுதான்." மூக்குக் கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு, "அந்தப் புள்ள அன்னைக்கே இத சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா நானா. நீங்களும் கேக்கல. நானும் கேக்கல."