முடிச்சு அவிழ்த்த மூன்று நாட்கள்

எந்த மரத்தடிக்குப் போனாலும் கயிற்றுக்காரி முதலில் குனிந்து, வேரோரத்து மண்ணில் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் கயிற்றைத் தொடுவாள். பதினெட்டு வருடமாக இதே வழக்கம். புருஷன் மேலே ஏறிக் கிளையை அறுப்பான். அறுபட்டது யார் தலையிலும் விழாமல் கீழேயிருந்து கயிறு பிடித்து இறக்குவது அவள் வேலை.

"என்ன டாக்டரம்மா, நாடி பாத்தாச்சா? ஏறலாமா?" என்று அவன் கேட்பான். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அவள் வாய் திறப்பது அத்தி பூத்தாற்போலத்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவதால் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை.

அந்த வருடம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களுக்கு ஆள் வந்தது. முற்றத்து அத்தி மரத்தை அடியோடு எடுக்க வேண்டும். இலை பழுத்துக் கொட்டுகிறது, பாதிக் கிளை பட்டுவிட்டது, நோயாளி மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார் நிர்வாகி.

மரத்துக்கு நேர் மேலே, இரண்டாம் மாடி ஜன்னலோரக் கட்டிலில் கயிற்றுக்காரியின் தங்கை படுத்திருந்தாள். ஐந்தாம் மாதம். முன்னால் இரண்டு தங்கவில்லை என்பதால் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சேர்த்த அன்று, சக்கர நாற்காலியிலிருந்தே எட்டி, தாழ்ந்த கிளையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு வந்தவள் அவள்.

"அக்கா, மாமாவா அதை வெட்டப் போறார்?"

கயிற்றுக்காரி போர்வையைச் சரிசெய்தாள்.

"அது நின்னா இதுவும் நிக்கும்னு வேண்டிக்கிட்டேன்," என்று தங்கை வயிற்றில் கை வைத்தாள். "பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். ஆனா அது கொட்டக் கொட்ட எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

அந்த மரத்தை நம்பி வந்தவர்கள் ஒரு கூட்டமே உண்டு. தெய்வம் குடியிருக்கும் மரம் என்று சிலர் வேண்டுதல் நூல் கட்டி, சுற்றி வந்து சொம்புத் தண்ணீரை வேரில் ஊற்றுவார்கள். இப்படியொரு மரத்தடியில்தான் ஞானம் பிறந்தது என்று சொல்லி, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார் மொட்டைத் தலைக்காரர் ஒருவர். போகும்போது பூப்போட்ட கிண்ணத்து நீரை அங்கேயே சாய்ப்பார். சிலுவையும் மரம்தானே என்று மெழுகுவத்தி ஏற்றும் அம்மாள் ஒருத்தி. மனைவியை உள்ளே சேர்த்துவிட்டு நிழலில் காத்திருக்கும் தாடிப் பெரியவருக்கு இதெல்லாம் பிடிக்காது. "மரத்துக்கிட்ட கேக்கக் கூடாது. மரம் வச்சா அதுல பறவை தின்னாலும் வச்சவனுக்குத் தர்மம், அவ்வளவுதான்," என்பார். சொல்லிக்கொண்டே, பாவம் வாடிக் கிடக்கிறதே என்று தன் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை அவரும் ஊற்றுவார்.

வெட்ட வேண்டிய காலையில் கயிற்றுக்காரி மண்ணை அள்ளினாள். தண்ணீர் தேங்கிச் சாக்கடையாய்ப் புளித்த நாற்றம். கிளைகளில் நூல்களை விலக்கிப் பார்த்தாள். எல்லாம் நைலான். பட்டை இரு பக்கமும் வீங்கி, நூல் சதைக்குள் புதைந்திருந்தது.

"ஏங்க, ரம்பத்தை இறக்குங்க."

அவள் பேசிய அதிர்ச்சியிலேயே அவன் இறக்கிவிட்டான்.

"இதுக்கு நோயே இல்ல. எல்லாருமாச் சேர்ந்து கும்பிட்டே கொல்றாங்க."

நிர்வாகி மூன்று நாள் தந்தார். நூலையெல்லாம் எடுத்து, பட்ட கிளையைக் கழித்துவிட்டால் மழைக்காலம் வரை விட்டுப் பார்க்கலாம். "ஆனா நூலை எடுத்தீங்கன்னு ஒருத்தர் புகார் கொடுத்தாலும், அன்னைக்கே மரம் கீழ," என்றார்.

"கத்தி போட்டா அரை மணி நேரம்," என்றான் புருஷன்.

"ஒவ்வொண்ணும் ஒருத்தரோட வேண்டுதல். அறுக்க வேணாம், அவிழ்ப்போம்."

அவள் முதலில் மாடிக்குப் போய்த் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னாள். தங்கை, "என்னோடதை நீ மட்டும் தொடு," என்றாள்.

இறங்கி வந்தால் மரத்தடியில் ஒரு தகப்பன் வழிமறித்து நின்றான். மகனுக்கு மறுநாள் ஆபரேஷன். "என் நூல்ல யார் கை பட்டாலும் நேரா ஆபீஸுக்குத்தான் போவேன்."

கூட்டம் கூடிவிட்டது. நாலு பேர் முன்னால் கயிற்றுக்காரி பேசியே பழகாதவள். சிவப்பு நூலைத் தேடிப் பிடித்தாள்.

"இது என் தங்கச்சியோடது. மேல படுத்திருக்கா. ரெண்டு போயாச்சு, இது மூணாவது. முதல்ல இதைத்தான் அவிழ்க்கப் போறேன். ஏதாவது தப்பு வந்தா முதல்ல எங்க வீட்டுக்கே வரட்டும்."

கயிற்று முடிச்சு நெகிழ்த்த வைத்திருந்த மழுங்கல் ஆணியை நுழைத்து மெல்ல நெம்பினாள். நூல் முழுசாக வந்தது. அதை வராந்தாக் கம்பியில் தொய்வாகக் கட்டினாள். அந்தத் தகப்பன் கிட்டே வந்து அந்த நூலைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "அந்த ஆணியைக் குடுங்கக்கா," என்று கை நீட்டினான்.

அதன் பிறகு ஆளுக்கொரு கிளையாக உட்கார்ந்தார்கள். தாடிப் பெரியவர்தான் எல்லாரையும்விடப் பொறுமைசாலி. "கட்டுறதே தப்புன்னு சொன்னவன் தலையிலயே இதைக் கட்டிட்டீங்க," என்றார்.

"அவிழ்க்கத்தானே சொன்னோம், பாய்," என்றாள் மெழுகுவத்தி அம்மாள். பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மாலை கடைசி முடிச்சும் வந்தது. யாரும் ஆபீஸ் பக்கம் போகவில்லை. புருஷன் பட்ட கிளையைக் கழித்து, மண்ணைக் கிளறி, அடைபட்ட வடிகாலைத் திறந்துவிட்டான். தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டியவர்களுக்காகக் கயிற்றுக்காரி பச்சைக் கொம்புகளில் போத்துத் துண்டுகள் வெட்டி, பன்னிரண்டு பழைய வாளிகளில் நட்டு வரிசையாக வைத்தாள். ஊற்றுகிறவர்கள் அதில் ஊற்றட்டும்.

ஏழாவது வாரம் ஒரு காலையில் தங்கை போன் செய்தாள். "அக்கா, பக்கத்துக் கிளையில பச்சையா ரெண்டு இலை. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டிட்டேன். நேத்து எட்டு மணி நேரம் தூங்கினேன்." கயிற்றுக்காரி போனை வைத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாம் மாத முடிவில் பெண் குழந்தை பிறந்தது. இப்போது அவளுக்கு நாலு வயது, பள்ளிக்கூடம் போகிறாள். மரம் இரண்டாம் மாடி ஜன்னலை மறைத்து வளர்ந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை அதில் கிளை கழிக்கும் வேலை கயிற்றுக்காரிக்கும் அவள் புருஷனுக்கும்தான்.